என் முகத்தை எடுங்கள், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமியார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நான் இல்லை. அரசாங்கத்தின் மக்கள் குரல் பிரிவில் உங்களுக்கு வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் பெருமையடித்தவள் நான். மக்களுக்குப் பதிலாக நீங்களே குரல் கொடுப்பதுதான் அந்த வேலை என்று யார் கண்டது?

நேற்றுக் காலை தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன், பக்கத்து வீட்டுத் தையல்காரி போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஏன்க்கா, இங்க தண்ணி ஆறா ஓடுது, இல்லைங்கிறவன் எல்லாம் எதிரி நாட்டுக் கைக்கூலின்னு எழுதியிருக்கீங்களே, அப்புறம் குடத்துல காத்தா பிடிக்கப் போறீங்க?" என்கிறாள். பார்த்தால் 'வீரத்தாய்' என்ற பெயரில் என் முகம்! உங்கள் கல்யாணத்தன்று சமையல்காரரை விரல் நீட்டித் திட்டினேனே, நீங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எடுத்த படம், உங்களைத் தவிர யாரிடமும் இல்லாத படம். வரிசையில் ஒருத்தியும் எனக்கு இடம் விடவில்லை, வெறுங்குடத்தோடு வீடு வந்தால் வாசலில் பாதுகாப்புத் துறைக்காரர்கள் இரண்டு பேர். வீரத்தாய் எழுதின அதே வாக்கியத்தை இணையத்தில் ஐம்பது கணக்குகள் எழுதுகின்றனவாம், அந்நியச் சதியாம். "தேசப் பாதுகாப்புக்கே ஆபத்தும்மா. எந்த நாடு உங்களை ஏவி விடுது?" "எங்க வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்க தம்பி, இது எந்த நாடுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். திறந்தார்கள், புஸ்ஸென்றது. எழுதினது நான்தான் என்று கையெழுத்துப் போடு, இல்லையென்றால் எழுதினவன் பெயரைச் சொல் என்றார்கள். "நான் எழுதாததுக்கு நான் ஏன் போடணும்? தலையே போனாலும் போட மாட்டேன்" என்றேன். அரசாங்கம் ஒரு கையால் என் முகத்தைத் திருடுமாம், மறுகையால் என்னையே பிடிக்குமாம், நல்லா இருக்கே நியாயம்! உங்கள் பெயரையும் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே, வாயைக் கட்டிக்கொண்டேன். நாளைக்கு மறுபடி வருகிறார்களாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான், அந்த முகத்தை எடுங்கள். அது இந்தத் தெருக்காரர்களோடு வரிசையில் நின்ற முகம், அவர்களைக் கைக்கூலி என்று வைவதற்கு நான் இரவல் கொடுக்கவில்லை. வைய வேண்டியவர்களை நானே வைதுகொள்வேன், எனக்கு ஆள் வேண்டாம்.

என் மகளுக்கு ஆசிகள். உங்களுக்கும் உண்டு, படத்தை எடுத்த பிறகு.

இப்படிக்கு,
மாமியார் (அசல்)

பி.கு.: தபால் போய்ச் சேர நாளாகும் என்று தையல்காரி சொன்னதால், இதைப் படம் பிடித்து வீரத்தாய் எழுதினதற்குக் கீழேயே போட்டுவிட்டோம். உங்கள் பெயர் எங்கும் இல்லை, மாப்பிள்ளை என்றுதான் இருக்கிறது. எனக்கு ஒரே மாப்பிள்ளை என்பது ஊருக்கே தெரியும், நான் என்ன செய்ய? இன்றைக்கு வரிசையில் எனக்குத்தான் முதல் இடம். பாதுகாப்புத் துறைக்காரர்கள் லைக் போட்டுவிட்டு உங்கள் விலாசம் கேட்கிறார்கள். பதிலை அங்கேயே எழுதுங்கள், உங்கள் சொந்த முகத்தோடு.