ஒரு கிணறும் இரண்டு கம்ப்யூட்டரும்

ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரிப்பது எளிது. வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் போதும். அலுவலகத்தைப் பிரிப்பதுதான் கடினம். நாற்காலிக்கு நடுவில் கோடு போட முடியாது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, மாவட்டக் கிணறுகள் பதிவு அலுவலகமும் கூடவே பிரிந்தது. ஊரில் உள்ள கிணறுகளை எண்ணி, அவை கிணறுகள்தாம் என்று சான்று வழங்குவது மேற்படி அலுவலகத்தின் பணி. சான்று இல்லாத கிணற்றில் தண்ணீர் இருக்கலாம். பம்ப்செட்டுக்கு மின் இணைப்பு கிடைக்காது.

அங்கே தட்டச்சு செய்தவர்கள் அரியமுத்துவும் அவன் மனைவி கமலவேணியும். ஒரே அறை, எதிரெதிர் மேஜை. பிரிவினையில் அரியமுத்து பெரம்பலூருக்கும் கமலவேணி அரியலூருக்கும் ஒதுக்கப்பட்டார்கள். ‘தளவாடங்கள் சமமாகப் பங்கிடப்பட்டன’ என்று கோப்பு முடிக்கப்பட்டது. கூடலைக் குறிஞ்சிக்கும் பிரிவைப் பாலைக்கும் ஒதுக்கிய பழம்புலவர்கள், அரசாணைக்கென்று ஒரு திணை ஒதுக்கத் தவறிவிட்டார்கள். கமலவேணி காலையில் பஸ் ஏறி அரியலூர் போனாள்; பொழுது சாய்ந்து பெரம்பலூர் திரும்பினாள்.

அரியலூரின் புதிய அலுவலர் கருப்பண்ணன், பெரம்பலூர் அலுவலர் ஆண்டவரிடம் பல காலம் உதவியாளராக இருந்து, “எஸ் சார்” சொல்லிச் சலித்தவர். வந்ததும் வராததுமாகக் கமலவேணியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, பெரம்பலூர்ல கம்ப்யூட்டர்ல என்ன போட்டிருக்காங்க?”

“விண்டோஸ் சார்.”

“அது இல்லாம வேற ஏதாச்சும் இருக்கா?”

“லினக்ஸ்னு ஒண்ணு இருக்காம் சார். அது எப்படி இருக்கும்னு...”

“எப்படி இருந்தா என்னம்மா? தனி மாவட்டம்னா தனி கம்ப்யூட்டர். அவரு கிணறு இருக்கற பொட்டியில நம்ம கிணறு இருக்கப்படாது.”

இவ்வாறாக, தொழில்நுட்பக் காரணங்கள் அனைத்தையும் நன்கு பரிசீலித்து, லினக்ஸ் தேர்வு செய்யப்பட்டது.

புதியதைக் கற்க வேண்டுமே! கமலவேணி, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இலியாஸிடம் போனாள். லெப்பைக்குடிகாட்டுக்காரன், துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

“வூட்டுல ஒரு பொட்டிதான் தம்பி. அவருக்கு விண்டோஸ் வேணும், எனக்கு லினக்ஸ் வேணும்.”

“அதுக்கென்னக்கா? ஒரே பொட்டியில ரெண்டையும் ஏத்தித் தரேன். சுவிட்சப் போட்டா எது வேணும்னு கேக்கும். யாரு முந்துறீங்களோ அவங்க சொன்னது.”

“ஒண்ணுக்கொண்ணு சண்டை வராதா?”

“இன்ஷா அல்லாஹ், உள்ள வராது. வெளிய வந்தா நான் பொறுப்பில்ல.”

ஒரே சமையலறையில் இரண்டு ஓரகத்திகள் இருப்பதுபோல இரண்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

அடுத்த ஆண்டே அரசு இரண்டு மாவட்டங்களையும் திரும்ப ஒன்றாக்கியது. கருப்பண்ணன் பழையபடி உதவியாளரானார். அரியலூர் கிணறுகள் ஒரு சிடியில் ஏறிப் பெரம்பலூர் வந்தன. அரியமுத்து அதைத் தன் கம்ப்யூட்டரில் திறந்தான். ஆண்டவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்னய்யா இது, கொக்கியும் கோடுமா இருக்கு?”

“திருமானூர் அய்யம்பெருமாள் கிணறு சார்.”

“இது எந்த பாஷை?”

“தமிழ்தான் சார். எழுத்துருதான் வேற.”

“அரியலூர்த் தமிழா?” என்றார் ஆண்டவர். கருப்பண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடனே ஒரு தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. அலுவலகம் ஒன்று என்பதால் முறையும் ஒன்றே இருக்க வேண்டும். தோற்ற கம்ப்யூட்டர் ஏலத்துக்குப் போகும். அதை இயக்கியவர் பொதுநலன் கருதி ராமநாதபுரத்துக்குப் போவார். எதிர்த்தரப்பு முறை ஏன் உதவாது என்று இருவரும் அறிக்கை தர வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதினார்கள்.

“‘செலவு அதிகம்’னு எழுதியிருக்கேங்க. உங்களச் சொல்லல, விண்டோஸச் சொன்னேன்.”

“நானும் ‘பழகறதுக்குள்ள பாதி ஆயுசு போயிரும்’னு எழுதியிருக்கேன் வேணி. லினக்ஸத்தான்.”

சிரித்தார்கள். பிறகு இருவரும் பேனாவை மூடிவிட்டார்கள். யார் ஜெயித்தாலும் ஒருவர் ராமநாதபுரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, செட்டிகுளம் முருகனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் ஆண்டவர் அவர்கள் வீட்டில் இறங்கினார். கையில் ஒரு சிடி. மகளுக்கு வரன் பார்க்கிறாராம். கையால் எழுதிய ஜாதகத்தை இப்போது யாரும் மதிப்பதில்லையாம். கம்ப்யூட்டர் ஜாதகம் ஒன்று எடுத்துத் தர வேண்டுமாம். தடுப்பதற்குள் அவரே சுவிட்சைப் போட்டுவிட்டார். திரையில் இரண்டு பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

“இது என்னம்மா?”

கமலவேணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ரெண்டும் ஒரே பொட்டியிலதான் சார் இருக்கு.”

“சண்டை போடலையா?”

“இதுவரைக்கும் இல்ல சார்.”

ஆண்டவர் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். இரண்டும் ஒரு பெட்டியில் அடங்கும் என்றால் பெட்டி ஒன்று போதும். பெட்டி ஒன்று என்றால் ஆள் ஒன்று போதும். ஆள் ஒன்றே என்றால், அந்த ஒற்றை ஆளை மேற்பார்வை செய்ய ஓர் அலுவலரும் ஓர் உதவியாளரும் எதற்கு என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். அவர் எழுந்து சுவிட்சை அணைத்தார்.

“நான் இங்க வரல. நீங்க எதையும் காட்டல. காபி மட்டும் பிரமாதம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். காபி அப்போதுதான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆணை வந்தது. இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று ஒருக்காலும் இணையாதவை என்பது நேரடி ஆய்வில் தெளிவானதால் இரண்டும் தொடரும். அரியலூர்க் கிணறுகளைக் கமலவேணி தன் திரையைப் பார்த்து உரக்கப் படிக்க, அரியமுத்து தன் பெட்டியில் தட்டெழுத வேண்டும். ஒரே கிணறு இரண்டு இடத்தில் இருந்தால் தணிக்கையில் தடை வரும் என்பதால், படித்த கிணற்றை லினக்ஸிலிருந்து உடனுக்குடன் அழித்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து இரண்டு நாற்காலிகளும் ஒட்டிப் போடப்பட்டன. கமலவேணி கிணறுகளை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் நடுவே வீட்டுப் பேச்சு ஓடியது. சுண்டைக்காய் வத்தக்குழம்பு ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டு, கிணறு அல்ல என்ற காரணத்தால் பின்னர் நீக்கப்பட்டது. யாருக்கும் அவசரமில்லை, திருமானூர் அய்யம்பெருமாளைத் தவிர. டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றியே இளைத்துப்போன அவர் அடிக்கடி வந்து வாசலில் நிற்பார். “வந்துக்கிட்டே இருக்குங்க,” என்பாள் கமலவேணி.

வந்தும் சேர்ந்தது. 2007 நவம்பரில் அய்யம்பெருமாளின் கிணறு விண்டோஸில் ஏறியது. அதே மாதம் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது.

தளவாடங்கள் மீண்டும் சமமாகப் பங்கிடப்பட்டன. கருப்பண்ணன் மீண்டும் அலுவலரானார். லினக்ஸும் கமலவேணியும் மீண்டும் அரியலூர். முதல் நாளே அய்யம்பெருமாள் வந்துவிட்டார்.

“என் கிணறு என்னாச்சு தாயி?”

“பெரம்பலூர் போயிருக்குங்க. திரும்பி வரணும்.”

“கிணறு அங்கனயேதான் கெடக்கு. இப்பத்தான் அதுல குளிச்சுட்டு வரேன். உங்க ஆபீசுதான் போயிட்டுப் போயிட்டு வருது.”

கமலவேணிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. “எப்படியாச்சும் கொண்டாந்துடறோங்க.”

“முழுசாக் கொண்டாராதீங்க. பாதி அங்கயே இருக்கட்டும்.”

“பாதியா?”

“போன வருசம் பயலுவ பாகம் பிரிச்சுக்கிட்டானுவ. தம்பி கிணறு இருக்கற பொட்டியில என் கிணறு இருக்கப்படாதுங்கறான் பெரியவன். அவனுக்கு விண்டோஸாம். சின்னவனுக்கு அந்த இன்னொண்ணு.”

“கிணறு ஒண்ணுதானேங்க?”

“கிணறு ஒண்ணுதான். பயலுவ ரெண்டு பேராச்சே.”

உள்ளறையிலிருந்து கருப்பண்ணன் எட்டிப் பார்த்தார். தான் என்றோ சொன்ன சொல்லைக் குடிமக்களே திருப்பிச் சொல்லக் கேட்பது எந்த அதிகாரிக்கும் வாய்க்காத பேறு.

“நியாயமான கோரிக்கைம்மா. அப்ப ரெண்டு பொட்டியும் ஒரே ரூம்ல இருந்தாத்தான் அளந்து பிரிக்க முடியும். உங்க வூட்டுக்காரர பொட்டியோட இங்க வரச் சொல்லி எழுது. இந்தக் கிணத்து விசாரணை முடியற வரைக்கும்.”

கமலவேணி ஆணையைத் தட்டெழுதினாள். எழுதும்போதே கணக்குப் போட்டாள். ஒரு கிணறு, எவ்வளவு நிறுத்திப் படித்தாலும் ஒரு மாதம் தாங்காது. எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் பெரியவருக்குப் போட்டாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“ஏங்க, உங்க ஊர்ல இப்படிப் பாகம் பிரிச்ச கிணறு வேற ஏதாச்சும் இருக்குங்களா?”

அய்யம்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார்.

“என்ன தாயி இப்படிக் கேட்டுட்ட? அண்ணன் தம்பி இல்லாத வூடு எங்க இருக்கு?”