சாயம் ஏறாத பிராணி

சார் கண்டுபிடித்த பிராணியை அவள் தொலைத்துவிட்டாள்.

நேற்று மாலை கண்ணாடித் தட்டில் இருந்தது. இன்று காலை இல்லை. தட்டில் சேறு இருந்தது, தண்ணீர் இருந்தது, வழக்கமான நூல்புழுக்கள் இருந்தன. மணல் துகளைவிடச் சிறிய ஒன்றை மேசைக்கடியில் தேடுவது வீண் என்று தெரிந்தும் குனிந்து தேடினாள்.

கடலடிச் சேற்றில் வாழும் மிகச் சிறிய உயிர்களின் பன்மை. இதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. துறைமுகத்தைத் தூர்வாரி மண்ணைக் கொட்டும் இடத்தில், படகிலிருந்து குழாயை இறக்கிச் சேறு எடுப்பாள். ஜன்னல் இல்லாத ஆய்வுக்கூடத்தில் அதைச் சலித்து, ரோஜா நிறச் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் எண்ணுவாள். ஆரம்பத்தில் எத்தனையோ வகைகள் இருந்தன. வருஷத்துக்கு வருஷம் குறைந்து, கடைசியில் நூல்புழு மட்டும் மிஞ்சியது. பன்மையைப் பற்றிய ஆய்வில் பன்மையைத் தவிர எல்லாம் இருந்தது. கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘சேறு’.

தங்கியிருந்தது அக்கா வீட்டு வரவேற்பறையில், மடக்குக் கட்டிலில்.

“நீ தேடறது எறும்பு மாதிரி இருக்குமாடி?” என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

“எறும்பு அதை மிதிச்சா எறும்புக்கே தெரியாதுக்கா.”

“அதுக்காடி இத்தனை வருஷம்?”

அக்கா குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அவளுடைய ஆய்வு வழிகாட்டியான சார் நேற்று திட்டுவதற்காகத்தான் வந்தார். “எல்லாம் செத்துப்போச்சு, செத்துப்போச்சுன்னு எழுதினா எவன் படிப்பான்? இதென்ன ஆராய்ச்சியா, எழவு வீடா? தள்ளு, நான் பார்க்கறேன்.”

பார்த்தவர் கத்தினார். “ஏம்மா, இது என்ன?”

நீள உடம்பு. முன்பக்கம் குட்டையாகச் சில கால்கள். சுற்றிலும் எல்லாம் ரோஜா நிறம், இது மட்டும் நிறமே இல்லாமல்.

“பார்த்தியா, சாயமே ஏறல! இது சாதாரண ஆளு இல்ல.”

வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அதற்குத் தன் பெயரையே லத்தீன் வால் ஒட்டி வைத்துவிட்டார். அதைத்தான் இப்போது காணோம்.

“பத்திரமா இருக்கா?” என்று உள்ளே வந்ததும் கேட்டார்.

“இருக்கு சார்.” வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

“நல்லது. ஒண்ணு போதாது. இன்னும் சிலது எடு.”

வாரக்கணக்காகத் தேடினாள். கண் சிவந்ததே தவிர எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “கிடைக்கல சார்.”

சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

“எல்லாத்துக்கும் கைராசி வேணும்மா.”

அதை எடுத்து நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது அவள் வேலை. ஒட்டும்போது நசுங்கிவிட்டது. அடுத்தது காற்றுக்குமிழியில் சிக்கி மறைந்தது. படங்கள் மட்டுமே மிஞ்சின. ஒவ்வொன்று போகும்போதும் சார் உட்கார்ந்து இன்னொன்றை எடுத்துத் தந்தார். வேறொரு கடலிலிருந்து தோழி அனுப்பிய சேற்றிலும் எடுத்தார். “உலகம் பூரா இருக்குது போல!” என்று பூரித்தார். அவளுக்கோ ஒருமுறைகூட அகப்படவில்லை. இத்தனை வருஷம் குருடியாகத்தான் உட்கார்ந்திருந்தோமா என்று நினைத்து அழுதாள்.

பிறகு சார் ஆய்வேட்டிலிருந்து அவளுடைய கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். அந்தக் கடலடி செத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி எண்ணி நிரூபித்த அத்தியாயம் அது.

“இவ்வளவு அபூர்வமான உயிர் வாழற இடத்தைப் போய்ச் செத்துப்போச்சுன்னு எழுதுவியா?”

அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். துறைமுக அதிகாரி நேரில் வந்து கைகுலுக்கினார். “கடல் நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே நிம்மதியா ரெண்டு மடங்கு கொட்டலாம்.”

அன்று இரவு சாப்பாடு போடும்போது அக்கா கேட்டாள்.

“ஏண்டி, முடிக்கப் போறே. முகத்தைப் பார்த்தா ஏதோ பறிகொடுத்தவ மாதிரி இருக்கே?”

“பறிகொடுக்கல அக்கா. நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.”

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா அதிகம் பேசாதவர். படங்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

“படம் வேணாம். பிராணியைப் பார்க்கணும்.”

“அதுக்கென்ன, இப்பவே எடுத்துக் காட்டறேன்!” என்றார் சார். “ஏம்மா, சேறு கொண்டா.”

சேறு இல்லை. சார் தேடித் தேடியே தீர்த்திருந்தார். அதைச் சொல்லும் தைரியமும் அவளிடம் இல்லை. அலமாரியில் பயிற்சி மாணவர்களுக்காகக் கழுவிக் கொதிக்கவைத்த மணல் இருந்தது. அதில் எந்த உயிரும் இருக்க வழியில்லை. சாருக்கு இன்று ராசியில்லை என்று ஆகட்டும், எப்படியாவது இது முடியட்டும் என்று அதையே தட்டில் தூவி, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி வைத்தாள்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முகத்தை இரு கைகளாலும் அழுந்தத் தேய்த்துக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார். கொஞ்ச நேரம் ஊசியால் கிளறினார்.

“இதோ!”

அந்தத் தட்டில் கடலே இல்லை.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்...” என்று தொடங்கினாள்.

தேர்வாளர் அம்மா கை காட்டி நிறுத்தினார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அதே கவனத்தோடு சாரின் முகத்தைப் பார்த்தார்.

“உங்க பேரை வெச்சது ரொம்பப் பொருத்தம் சார்,” என்றார். “இது கடல்ல இருக்கறதில்ல, மனுஷங்க மயிர்க்கால்ல வாழற உண்ணி; உங்க புருவத்துலேர்ந்து விழுந்தது.”