எனக்கு விழுந்த பாடு

உலகத்துக்கே மூச்சுவிடக் கற்றுக்கொடுப்பவன் நான். பெயர் ராஜவேலு. தொழில், லீடர்ஷிப் கோச்; கூடவே மனம்-உடல் நல ஆலோசகர். கோட்டைக்குப்பத்தில் மாமியார் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, பெங்களூர் மேனேஜர்களுக்கு லேப்டாப்பில் "உங்கள் உடம்பு பேசுவதைக் கேளுங்கள்" என்று சொல்வேன். கேட்பார்கள். அவரவர் மனைவி பேசுவதை மட்டும் கேட்கமாட்டார்கள். அதற்கும் என்னிடம் தனி வகுப்பு உண்டு.

போன திங்கட்கிழமை வகுப்பு நடுவிலேயே எனக்குத் தலை சுற்றியது. பின்மண்டையில் ஒரே பாரம். "இதுதான் ஆழ்ந்த மௌனம்" என்று சமாளித்துக் கண்ணை மூடினேன். இருபது மேனேஜர்களும் மூடிக்கொண்டார்கள். மூடாதவள் ஒருத்திதான். என் மனைவி வசந்தா, காபியோடு வாசலில் நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து ஒரே பாட்டு.

"மாமா, பொன்னேரி ஆஸ்பத்திரில பிரஷர் பாத்துக்கினு வந்துடலாம்."

"ஒண்ணுமில்லமே. மூச்சுப் பயிற்சியிலயே சரி பண்ணிடுவேன்."

"மூச்சு இருந்தாத்தான பயிற்சி?"

"இன்னாமே அபசகுனமா பேசற!"

"எங்க நைனாவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. வலை இழுக்கசொல்ல படகுலயே சாஞ்சுட்டாரு. இன்னொரு தபா அத்தப் பாக்க என்னால ஆவாது."

அப்பாவைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஆனால் பயம் எனக்கும் இருந்ததே! மன அமைதி சொல்லித் தருகிறவனுக்கே மாத்திரை என்றால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? அதைவிட, நிஜமாகவே உள்ளே ஏதாவது இருந்துவிட்டால்? மூன்று நாளாக என் உடம்பும் பேசிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் மியூட்டில் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஒரு யுக்தி தோன்றியது. எங்கள் ஆரம்பாக்கத்து விவசாயக் குடும்பத்தில் பாடு என்றால் கஷ்டம். இந்த ஊர் மீனவர்களுக்கு அது முறை. ஏரியில் வலை போடும் இடத்துக்கு அடிதடி வரக்கூடாதென்று சீட்டுக் குலுக்குவார்கள். யார் பேர் வருகிறதோ அன்று அவர் பாடு. மற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வலை கொசுவலைதான். இருந்தாலும் இதை வைத்தே மேனேஜர்களுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்திருக்கிறேன்: "யார் பாடோ, அவர் சொல்வதே சட்டம்!"

"வசந்தா, சண்ட வேணாம். உங்க ஊரு வழக்கப்படியே சீட்டு போடலாம். யாரு பேரு வருதோ இன்னிக்கு அவங்க பாடு. சம்மதமா?"

கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஜனங்க சீட்ட மீற மாட்டாங்க. நீ மீறுவியா?"

"சத்தியமா மாட்டேன். சீட்ட நானே எழுதறேன்."

"எழுது மாமா."

இவ்வளவு சுலபமாக ஏமாறுவாள் என்று எனக்கே பாவமாக இருந்தது. உள்ளே போய் இரண்டு சீட்டிலும் 'ராஜவேலு' என்றே எழுதினேன். நேர்மை பற்றியும் எனக்கு ஒரு வகுப்பு உண்டு. அது சனிக்கிழமைதான்.

சொம்பில் போட்டுக் குலுக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"ராஜவேலு."

"ஆகா! என் பாடு! இனிமே நான் சொல்றதுதான் சட்டம். ஆஸ்பத்திரி கிடையாது!"

"உனக்கு யாரு சொன்னா? பாடு வுழுந்தா உத்தரவு போடறது இல்ல மாமா, கிளம்பிப் போறது. பேரு வந்தவன்தான் போவணும். மத்தவங்க வூட்ல குந்திக்கினு இருக்கலாம். என் பேரு வந்திருந்தா நான் போய் எனக்குப் பாத்துக்கினு வந்திருப்பேன். சட்டைய மாட்டு."

வாயைத் திறந்தேன். மூச்சு மட்டும்தான் வந்தது. அவள் சொம்புக்குள் கையை விட்டு இரண்டாவது சீட்டையும் பிரித்தாள்.

"இதுவும் உன் பேருதானா? சரி, அடுத்த வாரமும் ஒரு தபா போய்க் காட்டிடு."

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் சட்டையை மாட்டினேன். உண்மையைச் சொன்னால், மூன்று நாளில் முதன்முறையாக மனசு லேசானது. வெளியே வந்தால் வாசலில் பக்கத்துத் தெரு வின்சென்ட்டின் ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்கிறது.

"ஆட்டோக்கு எப்பமே சொன்ன?"

"நீ உள்ள போய் சீட்டு எழுதிக்கினு இருந்தியே, அப்பத்தான்."