சடையப்பன் உள்தடத்தில் போன கதை

ஒரு காட்டில் நான்கு பாதைகள் ஓர் ஆலமரத்தடியில் வந்து கூடின. கூடியதில் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பெரியது வந்தால் சிறியது ஒதுங்கும். சிறியது வந்தால் பெரியது பார்த்துக் கால் வைக்கும். இப்படி நன்றாக இருக்கிற இடத்தை யாராவது சும்மா விடுவார்களா? பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்வந்த சிங்கராஜா, "அவங்ககிட்ட ரவுண்டானா இருக்கு, நம்மகிட்ட இல்லை" என்று மூன்று நாள் இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் ஆலமரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, உள்தடம் ஒன்று, வெளித்தடம் ஒன்று என்று பிரித்தாகிவிட்டது.

பக்கத்தில் ஒரு பலகையும் நட்டார்கள். எல்லோரும் மரத்தை வலப்பக்கம் விட்டுத்தான் சுற்ற வேண்டும். இடப்பக்கம் திரும்புகிறவரும் நேரே போகிறவரும் வெளித்தடத்தில் போக வேண்டும். வலப்பக்கம் போகிறவர் மரத்தை ஒட்டிய உள்தடத்தில் சுற்றி வர வேண்டும். தடம் மாறுகிறவர், அந்தத் தடத்தில் வருகிறவருக்கு வழிவிட வேண்டும். திரும்பும்போது வாலால் சைகை காட்ட வேண்டும். மோதல் நடந்தால் தப்பு யார்மேல் என்று போக்குவரத்து ஆய்வாளர் சொல்வார். மூன்று தப்புக்குறி விழுந்தால், குடும்பத்தோடு ரவுண்டானாப் பக்கமே வரக்கூடாது.

இந்தப் பலகையை அடிவரை படித்த பிராணி காட்டில் ஒன்றே ஒன்றுதான். அவன் பெயர் சடையப்பன். காட்டெருமை. ஒரு டன் எடை, அதில் முக்கால்வாசி பயம். அசைபோடும்போதுகூட விதிகளை முணுமுணுப்பான்.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி வெள்ளையம்மாள் கன்று போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தெற்கே மூங்கில் காட்டில், வீட்டை ஒட்டிய குட்டையில் இன்னும் நாலு நாளைக்குத்தான் தண்ணீர். அது வற்றினால் கன்றைக் கூட்டிக்கொண்டு ரவுண்டானாவைத் தாண்டி, கிழக்கே இருக்கும் நீர்த்துறைக்குத்தான் வர வேண்டும். தடை விழுந்தால் மலையைச் சுற்றி இரண்டு நாள் நடை. பச்சைக் கன்று அதைத் தாங்காது.

சடையப்பனுக்கு ஏற்கெனவே ஒரு குறி விழுந்திருந்தது. ரவுண்டானாவுக்குள் நுழையாமல் வெளியே நின்று, வலப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அவன் வழிவிட்டுக்கொண்டிருந்தான். கொட்டையைக் கவ்விக்கொண்டு எங்கேயோ பார்த்து ஓடிவந்த அணில் ஒன்று அவன் பின்னங்காலில் முட்டிவிட்டது. "நின்னுக்கிட்டிருந்த என்மேல எப்படிங்க தப்பு?" என்று கேட்டான். "நிக்கிற இடத்துல கால் எதுக்குய்யா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

ஆய்வாளர் ஒரு கொக்கு. பெயர் ஏகாம்பரம். எந்த வழக்கானாலும் ஒற்றைக் காலில் நின்று கேட்பார். தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் காலை மாற்றிக்கொள்வார்.

அன்று காலை, குட்டைத் தண்ணீரைத் தாய்க்கும் கன்றுக்கும் விட்டுவிட்டு, சடையப்பன் நீர்த்துறைக்குக் கிளம்பினான். தெற்கிலிருந்து கிழக்கே போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆகவே உள்தடம். பிசகாமல் மரத்தை ஒட்டிச் சுற்றினான். மேற்கு வழி கழிந்தது, வடக்கு வழி கழிந்தது. இனி வெளியேற வேண்டியதுதான். வாலை இடப்பக்கமாக நீட்டிப் பிடித்தான். பின்னால் பார்த்தான். வெளித்தடத்தில் கொஞ்ச தூரத்தில், மேற்கு வழியாக நுழைந்த முள்ளம்பன்றி பொன்னுரங்கம் வந்துகொண்டிருந்தான். வெளித்தடத்தில் வருகிறவன் நேரே கிழக்கே போகிறவனாகத்தான் இருக்க வேண்டும், அவனும் இதே வழியில் நம் பின்னால் வெளியேறிவிடுவான் என்று பலகையை நம்பித் தடம் மாறினான்.

பொன்னுரங்கமோ தெற்கே கிழங்குக் காட்டுக்குப் போகிறவன். உள்தடத்தில் மரநிழல் விழுந்து தரை ஈரமாக இருக்கிறதாம், கால் சில்லிடுகிறதாம். அதனால் நாலு பக்கமும் அவனுக்கு வெளித்தடம்தான். வந்த வேகத்தில் நேரே சடையப்பனின் முன்னங்காலில் மோதினான்.

பதினேழு முள். எண்ணிப் பார்த்தது ஒரு கருங்குரங்கு. காலில் பதினேழு முள்ளோடு சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பொன்னுரங்கம் தரையில் புரண்டு, "ஐயோ, என் முள்ளெல்லாம் போச்சே! ஒரு காட்டெருமை என் முள்ளைப் பறிச்சிட்டானே!" என்று ஊரைக் கூட்டினான்.

ஊர் கூடுவதற்குச் சொல்லவா வேண்டும்?

"சின்ன உசுரு. இத்தனை முள்ளை இழந்துட்டு எப்படித்தான் பிழைக்கப்போகுதோ" என்றது கருங்குரங்கு.

"அவன்தான் வந்து மோதினான். என் காலைப் பாருங்க" என்றான் சடையப்பன்.

"இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு, ஒதுங்கிப் போனா என்னய்யா?" என்றது ஒரு நரி.

"நான் வால்ல சைகை காட்டினேன்!"

பொன்னுரங்கம் அழுகையைக் கொஞ்சம் நிறுத்தினான். "அது சைகையா? ஈ ஓட்டுறான்னு நெனச்சேன். இவன் நாள் முழுக்க வாலை ஆட்டுறவன்தானே?"

கூட்டம் சிரித்தது. உண்மையிலேயே சடையப்பன் நாள் முழுக்க ஈ ஓட்டுகிறவன். சைகைக்கு ஆட்டிய ஆட்டல் எது, ஈக்கு ஆட்டிய ஆட்டல் எது என்று எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "பலகைப்படி, பொன்னுரங்கம் வெளித்தடத்துல இருந்துக்கிட்டு வலப்பக்கம் போயிருக்கக் கூடாது. அது சரி. அதே பலகைப்படி, தடம் மாறுறவன் வழிவிடணும். அதுவும் சரி. ரெண்டும் சரின்னா, நின்னுக்கிட்டிருக்கிறவன் யாரு, விழுந்து கிடக்கிறவன் யாருன்னு பார்க்கிறதுதான் வழக்கம்." காலை மாற்றிக்கொண்டார். "சடையப்பனுக்கு ரெண்டாவது குறி."

சடையப்பன் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீடு திரும்பினான். வெள்ளையம்மாள் ஒவ்வொரு முள்ளாகப் பல்லால் பிடுங்கினாள்.

"பலகையில இருக்கிறபடிதான் போனேன், வெள்ளை. ஒரு அடி பிசகலை" என்றான்.

"பலகை வந்து சாட்சி சொல்லுச்சா?"

"இல்லை."

"பின்ன என்ன? அழுத பிள்ளைதாங்க பால் குடிக்கும். நீங்க கல்லு மாதிரி நின்னா, அவங்க கல்லுன்னுதான் நினைப்பாங்க." பதினேழாவது முள்ளைத் துப்பிவிட்டுக் குட்டையைப் பார்த்தாள். "மூணு நாள் தண்ணிதான் இருக்கு. அதுக்குள்ள இன்னொரு குறி வாங்கிட்டு வந்துடாதீங்க."

அன்று முழுக்க சடையப்பன் விதிகளை முணுமுணுக்கவில்லை. வேறு ஏதோ யோசித்தான்.

மறுநாள் அதே உள்தடம், அதே சுற்று. வடக்கு வழி கழிந்ததும் பின்னால் பார்த்தான். வெளித்தடத்தில் அதே பொன்னுரங்கம், அதே வேகம். இன்னும் பத்தடி இருந்தது. சடையப்பன் வாலை நீட்டவில்லை. தடமும் மாறவில்லை. "ஐயோ, என் முதுகு!" என்று அலறிக்கொண்டு அப்படியே தொப்பென்று விழுந்தான். நாலு காலும் வானத்தைப் பார்த்தன. தரை அதிர்ந்ததில் ஆலமரத்திலிருந்து இரண்டு வௌவால் கீழே விழுந்தன.

பொன்னுரங்கம் திகைத்து நின்றான். நின்றதுதான் அவன் செய்த தப்பு. நிலைமை புரிந்து அவனும் புரண்டு விழுந்தபோது காலம் கடந்துவிட்டது.

"அம்மாடி, எவ்வளவு பெரிய உசுரு! அதையே சாய்ச்சுட்டான்னா இவன் எப்படிப்பட்ட முரடனா இருக்கணும்!" என்றது அதே கருங்குரங்கு.

"நான் தொடவே இல்லைங்க!" என்று கத்தினான் பொன்னுரங்கம்.

"தொடாமலே சாய்ச்சியா? அது இன்னும் பெரிய குத்தம்" என்றார் ஏகாம்பரம். காலை மாற்றினார். "முதல்ல விழுந்தவன் சடையப்பன். குறி பொன்னுரங்கத்துக்கு."

சடையப்பனுக்கு அப்போது வந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்ல! எழுந்து இரண்டு துள்ளு துள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, எழவில்லை. அதற்குள் காடு பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. அவனுக்குப் பின்னால் வந்த மிளா மான், சடையப்பனைக் கண்டதும் மடிந்து விழுந்தது. மிளாவைக் கண்டு நரி விழுந்தது. யாரும் இடிக்காமலே கரடி விழுந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு தடத்திலும் இடமில்லை. எல்லோரும் ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைத் திறந்து படுத்திருந்தார்கள். விழுந்தவன் மேல் தப்பில்லை என்றால், முதலில் எழுகிறவன் மேல்தானே தப்பு? யார் எழுவார்?

மூன்று நாள் ஓடியது. ஒரு மோதல்கூட இல்லை என்று சிங்கராஜா ஏகாம்பரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வெள்ளையம்மாள் வந்தாள். குட்டை வற்றிவிட்டது. பின்னால் கன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளாடியது.

"ஏங்க, எந்திரிங்க."

"எந்திரிச்சா குறி விழுந்துடும்" என்று சடையப்பன் உதடு அசையாமல் சொன்னான். அவன் தொண்டையும் வறண்டுதான் கிடந்தது. "கொஞ்சம் பொறு, வெள்ளை. உள்தடம் காலியாகட்டும். நீ வலப்பக்கம் போறவ. முதல்ல மேற்கு வழி, அப்புறம் வடக்கு..."

வெள்ளையம்மாள் அவனைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கன்றைப் பார்த்தாள். படுத்திருந்தவர்களுக்கு நடுவே பார்த்துக் கால் வைத்து, கோடுகளைத் தாண்டி, ஆலமரத்தடிக்குள் புகுந்தாள். விழுதுகளை விலக்கி, அந்தப் பக்கமாகக் கிழக்கே இறங்கினாள். கன்று தாயின் காலடியைப் பிடித்தே போனது.

ஏகாம்பரம் பதறிப்போய்க் குறிப் புத்தகத்தைத் திறந்தார். அதில் உள்தடம் என்று ஒரு கட்டம், வெளித்தடம் என்று ஒரு கட்டம். மரத்தடிக்குக் கட்டமே இல்லை. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

தாயும் கன்றும் தண்ணீர் குடிக்கும் சத்தம் சடையப்பனுக்கு நன்றாகக் கேட்டது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு முறை நினைத்தான். பக்கத்தில் கிடந்த கரடி ஒரு கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

நீதி: தப்பு யார்மேல் என்று தெரிய வேண்டுமானால் பலகையைப் படியுங்கள், தண்ணீர் குடிக்க வேண்டுமானால் படிக்காதீர்கள்.