என் சமையலறை வழியாக ஆஸ்பத்திரிக்கு நான்கு நிமிடம்

சனிக்கிழமை, மாலை ஐந்து மணி

அன்புள்ள தங்கை மகனுக்கு (வடிவமைப்புக் கல்லூரியின் துறைத் தலைவர் என்ற முறையிலும் நீ இதைப் படிக்க வேண்டும்),

பெரியம்மா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமா என்று நீ கேட்டு ஒரு மாதமாகிறது, ஆகவே அதைச் சொல்லாமல் விடுகிறேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்காததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் என்னைப் பன்னிரண்டு வருடம் பழக்கினார்கள். இந்த வயதில் என் வீடு பொதுவழியாகிப் போனதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

நீ அனுப்பிய ஆட்சேபணைப் படிவம் கிடைத்தது. வரும் வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு கூடுகிறது, வீட்டுக்காரியான நான் கையெழுத்திட்டால் தெருவில் வரைந்த அம்புக்குறிகளை அன்றே அழித்துவிடுவார்கள், உன் மாணவர்கள் இரண்டு பேரும் வேறு திட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். "உங்க விருப்பம் பெரியம்மா" என்று அடியில் ஒரு வரி. கையெழுத்திட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். காரணம் எழுத அதில் நான்கு கோடு விட்டிருக்கிறார்கள். என் காரணம் நான்கு கோட்டில் அடங்காது.

நகரத்தில் மனிதர்கள் வழி தெரியாமலும் பக்கத்தில் இருப்பவரைத் தெரியாமலும் வாழ்கிறார்கள், அதைச் சரிசெய்வதுதான் எங்கள் துறை என்று போன வருடம் நீ சொன்னபோது நான் தலையாட்டினேன், அது என் தப்பு. முதலில் வந்தது பெஞ்சு. எங்கள் தெருமுனையில் உன் மாணவர்கள் போட்ட அந்தப் பெஞ்சு இரண்டு முனையிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். இரண்டு முனையில் உட்காரும் இரண்டு பேரும் தாமாகவே வழுக்கி நடுவுக்கு வருவார்கள், வந்தால் பேசுவார்கள் என்பது தத்துவமாம். எதிர்வீட்டில் இருப்பவர் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதும், என் வேலிச் செடியை என்னைக் கேட்காமல் வெட்டிய நாளிலிருந்து பதினோரு வருடமாக அவரோடு நான் பேசுவதில்லை என்பதும் உனக்குத் தெரியும். மருந்துப் பையோடு நான் ஒரு முனையில் உட்கார்ந்தேன். செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி அவர் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார். நான் பையை இறுக்கிப் பிடித்தேன், அவர் கைப்பிடியைப் பிடித்தார், ஒன்றும் பலிக்கவில்லை. தோளும் தோளும் இடிக்கும் நேரத்தில் அவர், "இது நான் செய்யலைங்க, பெஞ்சு செய்யுது" என்றார். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம். நான் பதில் சொல்லவில்லை. அது கேள்வி இல்லை.

பெஞ்சோடு விட்டிருக்கலாம். இந்த வருடம் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்பினாய். பையன் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், அதனால் அவனுக்கு நாடா என்று பெயர் வைத்தேன். அந்தப் பெண் நான் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று மட்டும்தான் கேட்பாள். நாமாக எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று நீ பாடம் நடத்தியிருக்கிறாயாம். அவளுக்குப் பெயரே அப்புறம் என்றாகிவிட்டது.

"பஸ் ஸ்டாப்புல இறங்கி ஆஸ்பத்திரிக்கு எப்படிம்மா போவீங்க?" என்று நாடா கேட்டான்.

"நடந்து."

"அப்புறம்?" என்றாள் அவள்.

"அப்புறம் என்ன, ஆஸ்பத்திரி வந்துடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு நிமிஷம்."

நாடா எழுந்தே நின்றுவிட்டான். "இந்தத் தெருவுல நாங்க கேட்ட எல்லாரும் பதினஞ்சு நிமிஷம்னு சொன்னாங்களேம்மா!"

"அவங்க சுத்திப் போறாங்க. நான் நேரா போறேன்."

புதையல் கிடைத்தவர்கள் போல இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியில் என்னென்ன அடையாளம் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். முதலில் இரும்புக் கேட். அடுத்து பெரிய கடிகாரம், அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு குளிர்சாதனப் பெட்டி, அதற்கு இடப்பக்கம் திரும்பினால் பச்சைக் கதவு. கதவைத் திறந்தால் எதிரே ஆஸ்பத்திரியின் பக்கவாசல். நாடா ஒன்றுவிடாமல் எழுதினான். கைக்கடிகாரம் போல ஒன்றைக் கட்டிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் ஒரு தடவையும் ஆஸ்பத்திரியில் ஒரு தடவையும் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். அது இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு போட்டுக்கொண்டது.

அந்த நேர்க்கோட்டில் என் முன்கூடமும் சாப்பாட்டு அறையும் சமையலறையும் இருக்கின்றன என்பதை நான் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கடிகாரம் என்றதும் ஏதோ மணிக்கூண்டு என்றும், குளிர்சாதனப் பெட்டி என்றதும் ஏதோ கடை என்றும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏன் ஒரு முறையாவது என்னோடு நடந்து பார்க்கவில்லை என்று போனில் உன்னைக் கேட்டேன். "கூட நடந்தா அவங்க வழக்கமான வழி மாறிடும் பெரியம்மா, அதான் நாங்க கூட நடக்கிறதில்லை. அதுதான் முறை" என்றாய். நல்ல முறை. உன் பெரியப்பா கடைசி மூன்று மாதம் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாளைக்கு மூன்று வேளை கையில் பிளாஸ்க்கோடு அந்த வழியில் போய்த் திரும்பியவள் நான். அப்போதும் கூட நடக்க யாரும் வரவில்லை. என் வழக்கமான வழி மாறாமல்தான் இருந்தது.

போன மாதம் பெயின்டர் வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடைபாதை நெடுக நீல அம்பு வரைந்துகொண்டே வந்து என் கேட்டின் முன்னால் குந்தி, வீட்டைப் பார்த்து ஒரு அம்பு வரைந்து, "ஆஸ்பத்திரி – 4 நிமிடம்" என்று எழுதினார்.

"என்னப்பா இது? என் வீட்டைக் காட்டுது?"

"படத்துல அப்படித்தாம்மா இருக்கு. ஆனா நீங்க பயப்படாதீங்க, உள்ள அடிக்க ஆர்டர் இல்ல."

மறுநாள் காலை ஆறரைக்கு முதல் ஆள் வந்தாள். முப்பது வயதுப் பெண், ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் போன். அந்தப் போனுக்குள்ளிருந்து, உன் மாணவர்கள் செய்த வழிகாட்டியின் குரல், "பெரிய கடிகாரத்தின் அருகே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளவும்" என்றது. அவள் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். என் கூடத்தில் நின்று என் சொல்லுக்கே கட்டுப்படுகிறவளை நான் என்ன சொல்லித் திட்டுவது? "பச்சைக் கதவு எங்கங்க?" என்றாள். காட்டினேன். கேட்டாள், சொன்னேன்.

கேட்டைப் பூட்டவில்லையா என்று நீ கேட்பாய். பூட்டினேன். மணியடித்தார்கள். ஒரே நாளில் முப்பத்தொரு தடவை நாற்காலியிலிருந்து எழுந்தேன், என் முழங்காலுக்கு அது தெரியும். வந்தவர்களில் ஒருத்தி கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஒருவர் கையில் தூங்கும் குழந்தை. பதினைந்து நிமிடம் சுற்றிப் போங்கள் என்று சொல்ல வாயெடுப்பேன், அவர்கள் முகத்தைப் பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். மறுநாளிலிருந்து பூட்டவில்லை. அது பெருந்தன்மை அல்ல, முழங்கால்.

அன்றிலிருந்து எனக்கு ஓய்வு என்பதே கிடையாது. விடிந்தது முதல் நல்ல உடையில் இருக்க வேண்டியிருக்கிறது. மத்தியானத் தூக்கம் போயிற்று. காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவர் என் சோபாவில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து, தலையணை இருக்குமா என்று கேட்டு, ஒரு மணி நேரம் குறட்டை விட்டார். ஒரு மாமியாரும் மருமகளும் நேற்றுப் பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று என் சமையலறையில் நின்று சண்டை போட்டார்கள். "நீங்களே சொல்லுங்கம்மா, நியாயத்தை" என்று என்னை நடுவில் இழுத்தாள் மருமகள். கேட்டுவிட்டாளே என்று சொன்னேன். இப்போது மாமியார் என் பக்கம் திரும்பாமல் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி கடந்து போகிறாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஒருவர் அணைத்துவிட்டுப் போனார், அது பாலில்லை, நான் துணி வெளுக்க வைத்திருந்த சோடா. மத்தியான ஷிப்டுக்கு ஓடும் நர்ஸ் ஒருத்தி நிற்காமலேயே, "கால் வீங்கியிருக்கும்மா, உப்பைக் குறைங்க!" என்று என் காலுக்கு வைத்தியம் சொல்லிவிட்டுப் பச்சைக் கதவை அடைக்காமல் போகிறாள். ஒரு நாளைக்கு ஒன்பது தடவை நான் அந்தக் கதவை அடைக்கிறேன்.

இது போதாதென்று போஸ்ட்மாஸ்டர் வேறு. அவர் பெஞ்சைத் துறந்து என் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தயங்கி நிற்பவர்களிடம், "தாராளமா உள்ள போங்க. அந்தம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்கிறார். பிறகு மனச்சாட்சி உறுத்துகிறது போலிருக்கிறது, "சொல்லுவாங்க. ஆனா விட்டுடுவாங்க" என்று திருத்திக்கொள்கிறார்.

கடைசியாக ஒரு குடை. தினமும் நான்கு மணிக்கு ஒரு நெட்டையான மனிதர் வருவார். அவர் மனைவி மூன்றாம் வார்டில் இருக்கிறாள். கூடத்தில் ஒரு தடவை, சாப்பாட்டு அறையில் ஒரு தடவை, சமையலறையில் ஒரு தடவை என்று ஒவ்வொரு வாசற்படியிலும் "மன்னிச்சுக்குங்கம்மா" சொல்லிக்கொண்டே போவார். மூன்று மன்னிப்புக்கும் மூன்று தடவை தலையாட்டி என் கழுத்து வலித்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆபரேஷன். அன்று மழை. சொட்டச் சொட்ட நின்ற குடையைப் பச்சைக் கதவருகே என் வாளியில் வைத்துவிட்டு, "திரும்பி வரும்போது எடுத்துக்கிறேம்மா" என்றார். இன்று சனிக்கிழமை. புதன், வியாழன், வெள்ளி, இன்று, நான்கு நாளாக நான்கு மணிக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குடை அங்கேயே இருக்கிறது. என் வீடு காணாமல் போன பொருள்களின் காப்பகம் அல்ல. எனக்கு அந்த வாளி வேண்டும்.

ஆகவே துறைத் தலைவர் அவர்களே, அம்புகளை அழிக்கவும். போனுக்குள் இருக்கும் அந்தக் குரலிடம் என் கூடத்தைப் பற்றி இனி வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லவும். நாடாவையும் அப்புறத்தையும் நான் வெறுக்கவில்லை என்று தெரிவிக்கவும், அவர்களுக்கு மதிப்பெண் குறைந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை என்றும் தெரிவிக்கவும். எனக்கு எழுபத்தாறு வயது. களைத்துவிட்டேன். ஊர் மக்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் வேறு யாருடைய சமையலறையையாவது பார்க்கவும்.

உன் குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லட்டும். உன் மனைவியின் முதுகுவலி குறையட்டும். உன் அம்மாவுக்கு, அதாவது என் தங்கைக்கு, நான் எழுதியதாகச் சொல்லாதே. நேரில் சொல்ல என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது. எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா

பி.கு: படிவத்தை உறைக்குள் தேடாதே. உறையை ஒட்டும் முன் மறுபடி படித்தேன். "இந்த வழியால் உங்களுக்கு ஏற்பட்ட இடையூறு என்ன?" என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டுமல்லவா? உட்கார்ந்து யோசித்தேன். இடையூறு ஒன்றே ஒன்றுதான். உன் மாணவர்கள் "எப்படிப் போவீங்க" என்று மட்டும் கேட்டார்கள். எப்படித் திரும்புவீர்கள் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் அம்பு எல்லாம் போகும் பக்கம்தான். உள்ளே போகிறவர்கள் வரும்போது பெரியவாசல் வழியாக வெளியேறிப் பெருந்தெருவில் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். எல்லோர் கதையிலும் எனக்குப் பாதிதான் கிடைக்கிறது. அந்தக் குழந்தைக்குக் கடைசியில் என்ன பெயர் வைத்தார்கள் என்று தெரியவில்லை. குடைக்காரரின் மனைவி எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை. நானே மூன்றாம் வார்டுக்குப் போய்க் கேட்டுவிடலாம், என் வீட்டிலிருந்து ஒரு நிமிடம்கூட ஆகாது. மூன்று நாளாகக் குடையை எடுத்துக்கொண்டு பச்சைக் கதவு வரை போகிறேன், வாளியிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

ஆகவே நாடாவையும் அப்புறத்தையும் பெயின்டோடு உடனே அனுப்பு. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து என் பச்சைக் கதவுக்கு ஓர் அம்பு வேண்டும், பார்வை நேரம் முடிந்து வெளியே வருகிறவர் கண்ணில் படும் உயரத்தில், சுவரில். இந்த முறை அவர்கள் என்னோடு நடந்து வரட்டும். ஏணி கொண்டுவரத் தேவையில்லை. எதிர்வீட்டில் இருக்கிறது. நானே போய்க் கேட்டுவிட்டேன்.