கல்லீரல் நீங்கலாக அனைவரும் நலம்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் கலந்த வணக்கத்துடன் அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் என் கல்லீரல் நீங்கலாக மற்ற அனைவரும் நலம். அவ்விடம் உன் கோபம் நீங்கலாக மற்ற அனைத்தும் நலமாயிருக்கும் என்று நம்புகிறேன். அத்தானின் மூட்டுவலியை விசாரித்ததாகச் சொல்லவும்.

போனில் என்றால் என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம். நான் ஆராய்ச்சி மருந்து ஏற்றிக்கொள்வது தெரிந்து, "நீ என்ன எலியாடா?" என்று கேட்டாய் அல்லவா? அந்த ஆராய்ச்சியிலிருந்து விலகுவது என்று முடிவு செய்துவிட்டேன். உனக்கு நிம்மதிதானே? ஆனால் நடந்ததை என் வாயால் கேட்டுவிட்டுத் திட்டு.

ரத்ததானம் செய்யப் போன இடத்தில், "உங்க ரத்தம் வேணாம் சார்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்களே, அன்றிலிருந்து இந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் எனக்குள் இருப்பது உனக்குத் தெரியும். தினமும் மாத்திரை போட்டால் தூங்குகிறது, ஆனால் உடம்பை விட்டு வெளியே போவதில்லை. கவனிக்காமல் விட்டால் ஈரல் சுருங்கும், கட்டி வரும். போன வருஷம் டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த வைரஸைப் பிடிக்கிற எதிர்ப்பொருளை உங்க உடம்பு சரியா செய்யலை. நாங்க வெளியில செஞ்சு ரத்தத்துல ஏத்திப் பார்க்கிறோம். அது வைரஸைப் பிடிச்சு, புது செல்லுக்குள்ள நுழைய விடாம தடுக்கணும். தடுக்குமான்னு இன்னும் எங்களுக்குத் தெரியாது." தெரியாது என்ற சொல்லை ஒரு டாக்டர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நம்பிக்கையில் சேர்ந்துவிட்டேன்.

சேரும்போதே இன்னொன்றும் சொன்னார்கள். சிலருக்கு மருந்து ஏறும், சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஏறும், யாருக்கு எது என்று சொல்லமாட்டார்கள். அப்போது பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டேன். ஆனால் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தரும்போது நான் உட்காரும் பக்கத்திலும் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு அக்கா. காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. கையில் ஊசி ஏறியதும் நர்சைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், இது மருந்தா, உப்புத்தண்ணியா?"

"எனக்கே தெரியாது சார்."

"டாக்டருக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர். அவருக்கும் இதே வைரஸ், இதே பாட்டில். அன்று சாயந்திரமே அவருக்குக் காய்ச்சல் அடித்துவிட்டது. மறுதடவை பார்த்தபோது, "நடுங்கிட்டேன் சார், மூணு போர்வை போர்த்தியும் பத்தலை. எனக்கு ஒரிஜினல்தான்!" என்று கல்யாணச் செய்தி மாதிரி சொன்னார். எனக்கா, ஒரு தும்மல்கூட வரவில்லை. வீட்டில் உன் தம்பி மனைவி தினமும் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஒண்ணுமே இல்லைங்க" என்று இழவு வீட்டுக் குரலில் சொல்வாள். கார் ஓட்டப் பழக வந்த வங்கி மேனேஜரம்மாவுக்குக் கியர் சொல்லித்தர வேண்டிய நேரத்தில் நான் கண்ணாடியைத் திருப்பி என் நாக்கு வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தம்மா குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு, "சார், நான் சரியாத்தானே போனேன்?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன்.

இப்படியிருக்கையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "ஈரல் டெஸ்ட்டுல உங்க எஸ்.ஜி.பி.டி. ரொம்ப ஏறியிருக்கு, உடனே வாங்க." எனக்கும் ஒரிஜினல்தான் என்று உடனே தையல்காரருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அவர் அரை மனதாக, "நல்லாயிருங்க" என்றார். ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க உடம்பு முழிச்சுக்கிட்டு, வைரஸ் இருக்கிற செல்லை அடிக்க ஆரம்பிச்சிருக்கலாம். அப்படின்னா நல்லது. ஈரல் கெட்டுப்போறதாவும் இருக்கலாம். இப்போதைக்கு ஊசி வேணாம், அடிக்கடி வந்து ரத்தம் குடுங்க" என்றார். அடுத்த வாரம் சோற்றைக் கண்டாலே குமட்டியது. கண் மஞ்சளானது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் வரவில்லையே என்று அழுத முட்டாள் நான்தானா என்று இருந்தது. அப்புறம் மெல்லத் தணிந்தது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன். நாளைக்கு மறுபடி ஊசி போடலாமா என்று பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். எனக்கொன்றும் பயமில்லை. இவள்தான் அழுதுகொண்டே இருக்கிறாள். இவளுக்காகத்தான் விலகுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உன் கோபத்துக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
எலியல்லாத உன் தம்பி

பின்குறிப்பு: அண்ணிக்கு வணக்கம். இந்தக் கடிதத்தை உங்கள் தம்பி தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார், படிக்காமல் ஒட்டுவேனா? நான் அழுதது நிஜம். அவர் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுததை எழுத மறந்துவிட்டார். "விலகணும்னா விலகுங்க, என் தலையில போடாதீங்க" என்று சொல்லித்தான் இன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். ரத்தம் சரியாகிவிட்டது, தொடரலாம், ஆனால் கட்டாயமில்லை என்றார் டாக்டரம்மா. இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட மாட்டிவிட்டார். அப்போது அந்தத் தையல்காரர், "நீங்க போயிட்டா நான் யார்கூட சார் சண்டை போடுறது?" என்றார். இவர் கதவருகிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டினார். ஏறுவது மருந்தா என்று இன்னும் யாருக்கும் தெரியாது அண்ணி. இப்போது வாயைத் திறந்துவைத்துக் குறட்டை விடுகிறார். ஊசி நகர்ந்துவிடாமல் தையல்காரர் தனக்கு ஊசி ஏறாத இன்னொரு கையால் இவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.