பாலைவனத்தில் சைக்கிள் ஓடியவர்

மனிதர்களில் ஒரு புதிய இனம் தோன்றியிருக்கிறது. எகிப்துப் பாலைவனத்தில் இடிந்து கிடக்கும் பழைய நகரத்தை வாடகைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்துவிட்டு மொன்றியலுக்குத் திரும்பி வந்தவர் என்பது அதன் முழுப்பெயர். அடையாளம் காண்பது சுலபம். எகிப்துக்குப் போய்வந்த மற்றவர்கள் "பார்த்தேன்" என்பார்கள். இவர் "ஓடினேன்" என்பார்.

ஜனவரிக் குளிரில் ஊரே கம்பளித் தொப்பிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நடக்கும்போது, பாலைவனத்தில் வாங்கிய மெல்லிய துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவர் இவர்தான். ஒரு போத்தல் மணலைக் கொண்டுவந்து சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பவரும் இவர்தான். சுற்றுலா பஸ்ஸில் போய்வந்த அப்பாவிகளைப் பார்த்து, "பஸ்ஸில போனால் சரித்திரம் விளங்காது" என்று இரங்குபவரும் இவரேதான். சரி, இவருக்கு என்ன விளங்கியது? அந்தக் கோயிலை எந்த ராசா கட்டினான் என்று கேட்டுப் பாருங்கள். "ஆரோ ஒரு பழைய ராசா" என்பார். சைக்கிளுக்கு எத்தனை கியர் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாப்பாடு ஆறிவிடும்.

செயின்ட்-மிஷேலில் வசிக்கும் பேரின்பநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு வாசலிலேயே வாடகைச் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருநாளும் தொட்டதில்லை. தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்கக்கூடக் காரில்தான் போவார். அவருடைய சைக்கிளைச் சாய்த்து வைக்கக் குறைந்தது மூவாயிரம் வருடப் பழைய சுவர் ஒன்றாவது வேண்டும்.

அவருடைய மகள் ஆர்த்திகாவும் கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் சாரங்கனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் தாய் அஜந்தா வீட்டுக்கு வந்து, பெண் வீட்டாரோடு கதைத்துப் பார்த்துச் சம்மதம் சொன்னால் கல்யாணம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே ஆர்த்திகா பயந்துகொண்டிருந்தாள். அஜந்தாவை நினைத்தல்ல, அப்பாவை நினைத்து. போன மாதம் இதே வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்கள், அப்பாவின் கதையில் டயர் காற்றுப் போன கட்டம் வந்ததும் பாயசம் குடிக்காமலேயே எழுந்து போயிருந்தார்கள்.

மனைவி யோகராணி நேரடியாகவே சொல்லிவிட்டார். "இஞ்சேருங்கோ, இண்டைக்குச் சைக்கிள் கதை எடுத்தியள் எண்டால் பிள்ளையின்ர கலியாணம் இண்டையோட சரி."

"ஓம், ஓம். நான் வாயே திறக்கமாட்டன்."

அஜந்தா மகனோடு மட்டும் வந்தார். கணவருக்கு வேலையாம். பேரின்பநாதன் சொன்னபடியே வாய் திறக்கவில்லை. வடை வந்தது, தேத்தண்ணி வந்தது, மனிதர் புன்னகைத்தார். ஆர்த்திகாவுக்கு மூச்சு வந்தது. அப்போது அஜந்தா, "மெற்றோப் படி ஏறினது, முழங்கால் நோகுது" என்று சாதாரணமாகச் சொன்னார்.

போதாதா?

"முழங்கால் எண்டால் தங்கச்சி, பாலைவனத்தில சைக்கிள் ஓடிப் பாக்கோணும்..." பேரின்பநாதனின் போன் எப்போது டிவியோடு இணைந்தது என்று யாருக்கும் தெரியாது. திரை நிறையச் சைக்கிள். தூணில் சாய்ந்த சைக்கிள், தலையில்லாத சிலையருகே சைக்கிள், கூரையில்லாத மண்டபத்தின் நடுவே சைக்கிள். எல்லாப் படத்திலும் சைக்கிள் துல்லியம், சரித்திரம் மங்கல். யோகராணி கண்ணை மூடிக்கொண்டார். ஆர்த்திகா அழுதுவிடுவாள் போலிருந்தது.

கூரையில்லாத மண்டபத்தை அஜந்தா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சண்டையில இடம்பெயர்ந்த நேரம் நாங்களும் இப்பிடி உடைஞ்ச வீடுகளுக்குள்ளாலதான் சைக்கிள் உருட்டினனாங்கள். ஒருத்தரும் டிக்கெட் கேக்கேல்ல."

யோகராணியும் அந்த இடப்பெயர்வில் சைக்கிள் கரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தவர்தான். பேரின்பநாதனும் நடந்தவர்தான். அந்தச் சைக்கிளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் படம் காட்டியதில்லை. இனியாவது மனிதர் டிவியை நிறுத்துவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள்.

"ஓம் தங்கச்சி," என்றார் பேரின்பநாதன், தாழ்ந்த குரலில். "ஆனால் அதுக்குக் கியர் இல்லை."

அஜந்தாவின் கையில் தேத்தண்ணி தளும்பியது. சிரிக்கிறார். கண்ணீர் வரச் சிரிக்கிறார். பக்கத்தில் சாரங்கனும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்குகிறான்.

"எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கு," என்றார் அஜந்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர் ஓடினது ஒட்டகம். உங்களுக்கு முதலே அங்க போனவர். இண்டைக்கு ஒரு வேலையும் இல்லை அந்த மனிசனுக்கு. வந்தால் காரியம் கெட்டுப்போம் எண்டுதான் விட்டிட்டு வந்தனான்."

யோகராணி எழுந்து வந்து அஜந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே நோய் பிடித்தவர்களை வைத்துப் பார்க்கும் இரண்டு வீட்டுக்காரிகளுக்கு அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கல்யாணம் வைகாசியில். ஒரே நிபந்தனை, மண்டபத்தில் இரண்டு தகப்பன்மாரின் கைக்கும் மைக் எட்டக்கூடாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் சைக்கிளும் இல்லை, ஒட்டகமும் இல்லை. நல்லது. ஆனால் போன தடவை ஒரு நல்ல காரியம் பேச உங்கள் வீட்டார் போனபோது, உங்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்களே, ஏன்? போன இடத்தில் "அவருக்கு வேலை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.